பாட்டு எப்போது தொடங்கும்?

நிபோங் திபால் தாண்டி
செம்பனைக்குள் போகும் மண்சாலை முடிகிற இடத்தில்
எங்கள் எண்ணெய் ஆலை.
இரவு வேலை எனக்கு.
எடைமேடையை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு,
ஒரு கணினி, கழுத்து ஒடிந்த மின்விசிறி.
லோரி ஏறும்: பதினான்காயிரத்து முந்நூற்று இருபது.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்ப ஏறும்: ஐயாயிரத்து எண்ணூறு.
கழித்து எழுத வேண்டியதுதான்.
ஒன்பது வருடமாகக் கழிக்கிறேன்.

கொதிகலன் ஃபிட்டர் பத்மசீலன்
எங்கே பிடித்தானோ, ஒருநாள் கைப்பேசியில் அனுப்பினான்.
இரண்டு பியானோ, ஐந்தே சுரம், நாற்பத்தோரு நிமிடம்.
குரல் இல்லை. மேளம் இல்லை.
பல்லவி முடிந்தால் சரணம் என்கிற
நல்ல பழக்கம் எதுவும் இல்லை.

ரசீதுக்காகச் சன்னலில் சாய்ந்திருந்த ஜீவரத்தினம்
பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார்.
"தங்கச்சி, பாட்டு எப்போ தொடங்கும்?"

எனக்கும் தெரியவில்லை.
அணைக்க விரல் போகவில்லை, அவ்வளவுதான்.

மறுவாரம் அடைமழை. வரிசையில் ஏழு லோரி.
முதலில் ரோஸ்லியின் வண்டி, அதன் பின்னால் ஜீவரத்தினத்தின் வண்டி,
இரண்டிலும் மஞ்சள் விளக்கு மின்னி மின்னி.
ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் அவசரம்.
சேர்ந்துதான் மின்னின முதலில்.
பிறகு ஒன்றின் குதிகாலை மற்றது மிதித்தது.
பிறகு ஒன்றின் இருட்டுக்குள் மற்றது எரிந்தது.
பிறகு நெருங்கி, இன்னும் நெருங்கி,
நான் மூச்சுவிட மறந்த நேரத்தில்
ஒன்றாய்.
ஒரே ஒரு தடவை. உடனே பிரிந்துவிட்டன.
பச்சை விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.
ஏழு ஹார்னும் என்னைத் திட்டின.

அன்றிலிருந்து காது கெட்டுப்போனது.
பேருந்தின் துடைப்பான் கைகளைப் பார்த்தபடி
இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டேன்.
தம்பி கல்யாணத்தில், பாடகர் வந்து சேராத இருபது நிமிடம்
கீபோர்டுக்காரப் பையன் வேறு வழியில்லாமல்
இரண்டே கட்டையை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தான்.
மொத்தக் கச்சேரியிலும் அதுதான் மனதில் நிற்கிறது.
பாடகர் வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.
நான் சோறு எடுக்கப் போய்விட்டேன்.

கொஞ்சமாய்க் கொடுப்பது கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.
ஐந்து சுரத்தை வைத்துக்கொண்டு
அது எதையும் மறைக்கவில்லை.
இந்தா, இவ்வளவுதான், நீயே பார் என்று
முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறது.
நான்தான் மாறிக்கொண்டிருக்கிறேன்.
மூன்றாம் நிமிடத்தில் வாடகை பற்றிய யோசனை,
பதினெட்டில் யோசனை இல்லை,
முப்பதில் யாரோ அழுகிற மாதிரி இருந்தது,
பார்த்தால் நான்.

ஆகஸ்டில் ஆலைக்குப் பராமரிப்பு, பத்து நாள் நிறுத்தம்.
கொதிகலன் குளிர்ந்த முதல் இரவு
தவளைச் சத்தம்கூடப் புதிதாய் இருந்தது.
ஒரு மணி இருக்கும். லோட் இல்லாத நாளில்
வேலியோரம் ஜீவரத்தினத்தின் லோரி,
எஞ்சின் இல்லை, சிக்னல் மட்டும் டிக், டிக்.
"வீட்டுல படுத்தா தூக்கம் வரல. சத்தமே இல்ல."
சொல்லிவிட்டு, கூச்சத்தோடு,
"அந்தத் தொடங்காத பாட்டு இருக்கா?"

வைத்தேன். பாதி ரசிக்கிறார் என்றும் சொல்ல முடியாது,
தலையைச் சொறிந்தார், கொசு அடித்தார்,
பிளாஸ்கில் இருந்த தே ஓவைக் குடித்து முடித்தார்.
பிறகு சட்டென்று கையைத் தூக்கினார்.
"இப்ப மாறிச்சு, கேட்டியா?"

நான் கேட்கவில்லை.
நூறு தடவை கேட்ட நான் கேட்கவில்லை.
பின்னால் தள்ளிப் போட்டேன், இன்னொரு முறை, இன்னொரு முறை.
"அங்கதான்" என்கிறார் அவர்.
ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்.