நாலாவது குடம்

அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்தவர்கள்
உடுத்தி வந்ததை அலைக்கே விட்டுவிட்டுப் போகிறார்கள்.
அலை அதை வைத்துக்கொள்வதில்லை.
விடியுமுன் சந்தனமாரி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
காலைச் சுற்றுவதையெல்லாம் இழுத்துப் போடுகிறாள்.
எட்டு மணிக்கு லாட்ஜுகளின் பின்சந்தில்
தார்ப்பாய் விரித்துக் குவியல்.
சட்டை முப்பது, சேலை அறுபது,
ஜரிகை மின்னினால் நூறுவரை சொல்லிப் பார்ப்பாள்.

சம்பளம் வாங்கிய ஞாயிறுகளில் வருவேன் நான்.
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவள்,
கூட்டிப் பார்க்காமல் எதையும் எடுக்கமாட்டேன்.
முதலில் அக்குள். அங்கேதான் தையலுக்குப் பொய் வராது.
பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன்,
ஒளி எங்கெங்கே ஒழுகுகிறது என்று.
இரும்பு ஜிப் என்றால், ராணி உடுத்தியதானாலும் வேண்டாம்;
எங்கள் தங்கச்சிமடத்தில் ஓர் ஐப்பசி தாங்காது,
பல்லைக் கடித்துக்கொண்டுவிடும்.

இன்று வந்தது ஒன்றுக்கு மட்டும்:
வாடகை வீட்டின் தென்சன்னலுக்கு ஒரு திரை.
அளந்து முடிச்சிட்ட சணல் பையில் இருக்கிறது.

சணலை எடுக்குமுன்னே
கையில் ஒரு குழந்தைக் கவுன்.
மஞ்சள். கழுத்தோரப் பொத்தானை மட்டும்
யாரோ பச்சை நூலில் தைத்திருக்கிறார்கள்.
அந்த அளவுக்கு எங்கள் வீட்டில் ஆள் இல்லை.
இருபது ரூபாய்தான்.
'தான்' என்று மனசு சொல்லும் இடத்தில்
பர்ஸை மூடிவிட வேண்டும் என்பது நானே போட்ட சட்டம்.
மடித்தேன். வைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
இன்னொரு முறை மடித்து வைத்தேன்.
சந்தனமாரி பார்த்தாள். விலை சொல்லவில்லை.

அடியிலிருந்து அது வந்தது:
வெங்காயத்தோல் நிறத்தில் நூல்சேலை,
கரை நெடுக ஆனைகள்.
ஓர் ஆனைக்குத் தும்பிக்கை நெய்ய மறந்திருந்தார்கள்.
மூலையில் சலவைக்குறி, எனக்குத் தெரியாத எழுத்தில்.
"எந்த ஊருச் சேல இது?"
"உடுத்துனவ சொல்லிட்டா போறா?"

போன மாதம் ஜெரோன் கேட்டதைச் சொன்னேன்:
யாரோ முங்கித் தொலைத்த பாவத்தை
நீ காசு குடுத்து வீட்டுக்குக் கொண்டு வர்றியா?
அவள் முந்தானையில் எச்சில் தொட்டு
வெள்ளைத் துண்டில் வைத்துத் தேய்த்தாள்.
"பாவம் தண்ணியில கரைஞ்சிரும்மா.
சாயம் நிக்கிதா, அத மட்டும் பாரு."
நின்றது.

ஐம்பதுக்குக் கேட்கலாம் என்றுதான் வாய் திறந்தேன்.
மார்கழி. பணம் வாங்க நீட்டிய விரல்கள்
இன்னும் வெளுத்துச் சுருங்கியிருந்தன.
அறுபதாகவே கொடுத்தேன்.

பஸ்ஸில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.
புதிதாய் ஒரு முழம்கூட நெய்யவைக்காமல்
ஒரு சன்னலை மூடப் போகிறேன் என்று
பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு இருந்தவரிடம்
சொல்லிவிடுவேன் போலிருந்தது.

பிறகு அலசல்.
முதல் குடத்தில் மணலும்
நகக்கண் அளவில் ஒரு சிப்பியும்.
இரண்டாவதில் நுரை அடங்கவில்லை.
மூன்றாவது முடிந்து முந்தானை நுனியை
நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.
லாரித் தண்ணீர், குடம் பதினைந்து.
நாலாவதைச் சாய்க்கையில்
கணக்கெழுதும் கை தானாகக் கூட்டியது:
சேலை அறுபது. தண்ணீரும் அறுபது.
அந்தத் தண்ணீரை முருங்கைக்கும் ஊற்ற முடியாது.
கக்கூசுக்கென்று வாளியில் பிடித்து வைத்தேன்,
ஜெரோனிடம் சொல்லவில்லை.

மாட்டிப் பதினோரு நாள் ஆகிறது.
மத்தியானக் காற்று வந்தால்
ஆனைகள் அறையின் பாதிவரை நடந்து வந்து
திரும்பிப் போகின்றன,
தும்பிக்கை இல்லாததும்தான்.

இன்று ஒதுக்கிக் கட்டும்போது
பழக்கத்தில் நுனியை நாக்கில் வைத்தேன்.
ஜெரோன் பார்த்துவிட்டான்.
"என்ன, இன்னும் உப்பா? குடம் எடுக்கட்டா?"
"வேண்டாம்.
இது நம்ம சன்னல் உப்பு."