காலெழுத்து

போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது
வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது.
பிடித்தவள் யாருமில்லை,
அதுதான் கேவலம்.
தொடாமலே விழுந்தவளைப் பார்த்து
நடுவர்கூட ஒரு கணம்
தந்திரம் என்று நினைத்து நின்றார்.
வாய்க்குள் போன செல்லூர் மண்ணைத்
துப்பிவிட்டுப் பார்த்தேன்.
கணுக்காலில்
யாரோ ஒளித்துவைத்த கோழிமுட்டை.

முதல் இரவே ஆளுக்கொரு வைத்தியம்.
எதிர்வீட்டு ஒச்சாத்தாய் அக்கா
உப்பை வறுத்துத் துணியில் முடிந்து வந்துவிட்டாள்.
மாடிவீட்டுக்காரர்
சுளுக்கு வழிப்பவரின் நம்பர் தந்தார், கூடவே
அவர் வழித்துவிட்டதும் எழுந்து ஓடிய
ஒரு மாட்டின் கதையும்.
மாடு நல்லாயிருக்கட்டும்.
என் கால் பேண்டேஜுக்குள் இருந்தது,
இரண்டு தலையணைக்கு மேல்,
நெஞ்சைவிட உயரத்தில்,
இந்த வீட்டில் முதன்முறையாக மரியாதையோடு.

ஐஸ் கரிமேட்டிலிருந்து வந்தது.
அண்ணன் முத்திருளனுக்கு அங்கே மீன்கடை.
பாறைமீனுக்கு அடியில் கிடந்ததை நொறுக்கி
பையில் கட்டி, துண்டில் சுற்றி,
இருபது நிமிடம் வை, எடு,
இரண்டு மணி நேரம் விடு, மறுபடி வை.
கால் மரத்தது. மூக்கு மரக்கவில்லை.
மூன்று நாளும் தெருப்பூனை ஒன்று
கட்டிலடியில் காத்திருந்தது,
இந்த வீக்கம் எப்படியும்
மீனாகிவிடும் என்று.

நான்காம் நாள் ஊதா. ஏழாம் நாள் பச்சை.
பிறகு ஒரு மஞ்சள்.
விளக்குத்தூண் ஜவுளிக்கடை மூன்றாம் மாடியில்
நாளெல்லாம் நிறம் சொல்லிச் சேலை விற்பவள் நான்,
அந்த மஞ்சளுக்கு எனக்குப் பெயர் கிடைக்கவில்லை.
படியேறக் கூடாது என்ற சீட்டை நீட்டியதும்
சூப்பர்வைசர் கீழே
பில் போடும் ஸ்டூலைக் காட்டினார்.
ஒன்பது வருடத்தில்
அந்தக் கடைக்குள் நான் உட்கார்ந்தது
அன்றைக்குத்தான்.

பெரியாஸ்பத்திரியில் பிசியோ ரெபேக்கா சொன்னாள்:
"காலை அந்தரத்துல நீட்டுங்க.
கட்டைவிரல்தான் பேனா. அனாவுல ஆரம்பிங்க."

ட சுலபம். ஒரு இறக்கம், ஒரு திருப்பம்.
ஃ வெறும் மூன்று குத்து.
ழ-வின் வாலில் சுருக்கென்றது.
ஐ எழுதும்போது கண்ணில் தண்ணீர்.
ஞ-வைத் தாண்டிப் போனேன்.
பார்த்துவிட்டாள்.
"வலிக்குதா?"
"ம்."
கணுக்காலில் இல்லை என்று சொல்லவில்லை.

என் இடத்தில் பாடிப் போகிறவள் பெயர்
ஞானதீபா.
பதினெட்டு வயது. போன மேட்சில்
ஐந்து பாட்டுக்கு ஏழு புள்ளி.
மேட்ச் நடக்கும் ஞாயிறும்
அதே எழுத்துதான்.

அடுத்து ஒற்றைக்கால்.
பல் தேய்க்கும்போது, உலை கொதிக்கும்போது.
வெள்ளியம்பலத்துக்காரர்
வலது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்,
கேட்ட ராஜாவுக்காக மாற்றினாராம்.
எனக்கென்னவோ சுளுக்கு என்றே படுகிறது.
அவருக்குத் தூக்கிக்கொள்ள அனுமதி.
நான் நோகும் காலில்தான் நிற்க வேண்டும்,
ஒன்று, இரண்டு, சுவரைப் பிடிக்காமல்
பதினொன்று வரை.

இருபத்துமூன்றாம் நாள்
மைதானத்து ஓரம், பெஞ்சு, மடியில் ஐஸ் பை.
பாதி ஆட்டத்தில் அவள் வெளியே வந்தாள்,
இடது மோதிரவிரலை வாயில் வைத்துக்கொண்டு,
சின்னப் பிள்ளை மாதிரி.
விரல் மூட்டில்
குட்டியாக ஒரு காடைமுட்டை.
நகர்ந்து உட்கார்ந்தேன்.
பையைப் பிரித்துப் பாதியை
என் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தேன்.

"மீன் நாத்தம் அடிக்குதுக்கா."
"பழகிரும்."

இரண்டு பேரும் புள்ளிப் பலகையையே பார்த்தோம்.
பெஞ்சுக்கு அடியில், செருப்பை விட்டு இறங்கி
என் கட்டைவிரல் மண்ணில்
ஞ போட்டுக்கொண்டிருந்தது.
கோணல்.
கடைசிச் சுழியில் இன்னும்
லேசாகப் பிடிக்கிறது.