சுவருக்கு அப்பால் ஏழு தட்டு

வெள்ளிக்கிழமை மீன் பொரித்த எண்ணெயை
சனிக்கிழமை என் வாசலில் வைத்துவிட்டுப் போவாள் டெலித்.
நாலு கேன். காசு வேண்டாம்,
கேனைக் கழுவித் தந்தால் போதும் என்பாள்.
அதைக் குடித்துத்தான் ஓடுகிறது
பள்ளிப் பிள்ளைகளை நான் ஏற்றிப்போகும் வேன்.
ஃபெஸ்டினியோக் மேட்டில் என் பின்னால் வருகிறவர்களுக்கு
காரணம் தெரியாமல் பசிக்கும்.

அப்படியே ஊற்ற முடியாது.
மாவுத் துகள், கரிந்த செதில், தண்ணீர்
எல்லாவற்றையும் சுழற்றித்தான் பிரிக்க வேண்டும்.
அலுமினியத்தில் ஒரு கிண்ணம் நானே கடைந்தேன்,
நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று.
நின்றால் பாத்திரம்,
சுற்றினால் பேய்.

முதல் நாள்
மேசையிலிருந்து ஸ்பானர் நடந்துபோய் விழுந்தது.
கோப்பைத் தேநீரில்
வட்டத்துக்குள் வட்டம்.
பிறகு சுவரில் இடி. நான் எண்ணவில்லை.
பக்கத்து வீட்டு எம்லின், துடைப்பக் கட்டையோடு.
ரொட்டி ஆலையில் இரவு வேலை அவருக்கு,
பகல்தான் ராத்திரி.
எங்களுக்குள் ஒரே சுவர் உண்டு, பேச்சு இல்லை.
மூன்று வருடமாக.
ஒரு குப்பைத் தொட்டி விவகாரம்.

தப்பு என்னுடையதுதான்.
எந்திரத்தை ஸ்லேட் பலகையோடு
நான்கு போல்ட்டில் இறுக்கியிருந்தேன்.
பலகை சுவரோடு, சுவர் அவர் கட்டிலோடு.
போல்ட்டுகளைக் கழற்றி
பழைய லேண்ட்ரோவரின் ரப்பர் தாங்கிகளை அடியில் கொடுத்தேன்.
ஆடட்டும். ஆட விட்டால்தான்
தன் நடுவைத் தானே தேடும்.

இரண்டு இரும்புப் பட்டைகளை மட்டம் பார்த்து நிறுத்தி
விளிம்பின்மேல் அச்சோடு கிண்ணத்தைக் கிடத்தினேன்.
மெல்ல உருண்டு
கனத்த பக்கம் கீழே வந்து நின்றது,
கூப்பிடாமலே.
சுண்ணக்கட்டியால் குறித்து, துளைத்து,
மறுபடி கிடத்தி, மறுபடி துளைத்து,
எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை.

ஆனாலும்
நிற்கும்போது நியாயமாக இருப்பது
ஓடும்போதும் அப்படியே இருக்குமா?
தொள்ளாயிரம் சுற்றில் ஒரு வலிப்பு, தாண்டியதும் அடக்கம்,
அதற்கு மேலும் விடாத ஒரு சிறு உதறல்.
சுவரில் தட்டு. ஐந்து.

இந்த முறை எண்ணினேன்.
அளக்கும் கருவி வாங்க என்னிடம் பணம் இல்லை.
எம்லின் இருக்கிறார்.

விளிம்பில் சம தூரத்தில் மூன்று குறி.
ஐந்து கிராம் திருகாணியை முதல் குறியில் போட்டேன்.
ஏழு தட்டு, கூடவே ஒரு கெட்ட வார்த்தை.
(அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)
மறுநாள் இரண்டாவது குறி. மூன்று.
அதற்கு மறுநாள் மூன்றாவது. ஆறு.

மின் கட்டண உறையின் பின்பக்கத்தில்
ஐந்தங்குல ஆரத்தில் ஒரு வட்டம்,
அதன்மேல் மூன்று புள்ளி,
புள்ளிக்கொன்றாய் ஏழு, மூன்று, ஆறில் வட்டங்கள்.
ஒரே இடத்தில் சந்திக்கவில்லை.
பொத்தான் அளவு முக்கோணம் விட்டார்கள்.
துடைப்பக் கட்டைக்கு அது போதும்.
அதன் நடுவிலிருந்து கணக்கு சொன்னது:
எடை இரட்டிப்பாகட்டும்,
இரண்டாவது குறியிலிருந்து மூன்றாவதை நோக்கி
மூன்று விரல் தள்ளி.

வியாழன், பகல் பதினொன்று. வெளியே மழை.
கிண்ணத்தின் நேரெதிரே நிற்காமல்
கதவுக்கு வெளியிலிருந்து சுவிட்சைப் போட்டேன்.
தொள்ளாயிரம். ஒரு குலுக்கல்.
ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரம்.
மூவாயிரம்.
தேநீரில் மின்விளக்கு
முழுசாகத் தெரிந்தது.

சுவரில் ஒன்றும் இல்லை.
ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பத்து.
எனக்குத்தான் உதறல் எடுத்தது.
ஐம்பத்தெட்டு வயது, தனியாள், இதயத்துக்கு மாத்திரை
என்று டெலித் எப்போதோ சொன்னது.
மோட்டாரை அணைத்துவிட்டு
மழையில் ஓடிப்போய்க் கதவை இடித்தேன்,
முதல் தடவையாக நான்.

கலைந்த தலை, ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
"என்ன?"
"இல்ல… தட்டலையே நீங்க."
"தூங்கிட்டிருந்தேன். நல்லா.
நீ நிறுத்தினதும் முழிப்பு வந்திருச்சு."
கதவைப் பாதி சாத்தினார்.
"போ. போய்ப் போடு அதை."