குறிப்புகள் என்ற கட்டம்

கடைசி நாற்பது கிலோமீட்டர் செம்மண்.
ஒரு கங்காருவின் எலும்புக்கூடும்
அதன் நிழலும் தவிர
எதிரே யாரும் வரவில்லை.

கொரெல்லா முனை: பதினொரு பேர்,
ஒரு பெட்ரோல் பம்பு,
தரையில் நிற்கும் கப்பல் பாலம்.
வற்றத்தின்போது கடல்
கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடுகிறது,
கடன் வாங்கியவன் மாதிரி.
ஆறு மணி நேரத்தில் திரும்பி வருகிறது,
அது ஒன்றுதான் வித்தியாசம்.

அருங்காட்சியகச் சாவி
தூண்டில், ரொட்டி, ஐஸ் கட்டி விற்கும்
பம்பு அறையில் தொங்குகிறது.
டெல்பின் அதை எடுத்துக்கொண்டு
கல்லாவைப் பூட்டாமலே என்னோடு வந்தாள்.
"திருட யார் இருக்கா?"

பழைய சுங்க அலுவலகம்.
தகரக் கூரை வெயிலில் சொடக்கு விட்டது.
செம்புத் தலைக்கவசம், சிப்பி வாளி,
முத்துப் படகு முதலாளியின் கணக்குப் புத்தகம்.
குதிரைகளுக்குப் பெயர் இருந்தது:
டச்சஸ், ஜிப்ஸி, கிழட்டு டாம்.
முங்கியவர்களுக்கு எண்.
ஏழு, பெண். எட்டு, பெண். ஒன்பது, பெண்,
அதற்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு.

கோடு என்றால்?
"மேலே வரலேன்னு அர்த்தம்," என்றாள்,
கடையில் பால் தீர்ந்துவிட்டது என்கிற குரலில்.

ஒன்பதுக்குப் பக்கத்தில் தாள் நைந்திருந்தது.
வருடா வருடம் இவள் பென்சிலால் ஒரு பெயர் எழுதுவாளாம்.
பழைய ஆவணத்தில் கிறுக்கக் கூடாதென்று
வருடா வருடம் கமிட்டி அழிக்குமாம்.
இப்போது அங்கே ஒரு ஓட்டை.
அதன் வழியே
அடுத்த பக்கத்து மாவு விலை தெரிந்தது.

என்ன பெயர்?
சொன்னாள். ங-வில் தொடங்கியது.

ஐந்து வயதில் சிலேட்டில் நூறு முறை எழுதி,
பிறகு ஒரு சொல்லுக்கும் முதலெழுத்தாகத்
தேவைப்படாமல் கிடந்த ங.
இத்தனை வருடம் கழித்து,
இவ்வளவு தூரம் வந்து.
முதல் தடவை எனக்கு வாயில் வரவில்லை.
மூன்றாவது தடவை
"ம், கிட்டத்தட்ட," என்றாள்.

வாசலில் வருகைப் பதிவேடு.
பெயர், ஊர், குறிப்புகள்.
எனக்கு முன் வந்தவர்கள் எழுதியிருந்தார்கள்:
ஈ அதிகம்.
கழிப்பறை சுத்தம்.
வெயில்!!

டெல்பின் பேனாவை நீட்டினாள்.
"உன் எழுத்துல எழுது.
அவங்களுக்குப் படிக்கத் தெரியாது.
அழிக்க மாட்டாங்க."

எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்காமல்
கொஞ்சம் கோடு தாண்டியது.
அவள் குனிந்து
முதல் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பில் எவரோ
ஹாரன் அடித்தார்கள்.