பத்தே நிமிஷம்

எஞ்சினை அணைக்கவில்லை.
மகளை இறக்கிவிட்டு, பையைக் கொடுத்துவிட்டு,
இருமல் மருந்து எத்தனை கரண்டி என்று சொல்லிவிட்டு
திரும்புவதாகத்தான் இருந்தேன்.
பத்தே நிமிஷம்.
டிசம்பர் இருபத்து நான்கு, பிற்பகல் மூன்றே கால்.

ஏழாவது நிமிஷத்தில் கடல் காணாமல் போனது.
எட்டாவதில் எதிர்வீட்டு அஞ்சல்பெட்டி.
பிறகு எதிர்வீடு.
மத்தானிலிருந்து காஸ்பே வரை
சாலையை மூடிவிட்டார்களாம், ரேடியோ சொன்னது.
லுதோவிக் வெளியே போய் என் எஞ்சினை அணைத்துவிட்டு
புருவமெல்லாம் வெள்ளையாக வந்தான்.
சாவியை மாட்டினான்,
என் பழைய ஆணியில்.
நொயெமி அந்த ஆணியைப் பார்த்தாள்.
அவன் அப்பா ஓவில் மட்டும்
இன்னொரு தட்டை எடுத்து மேஜையில் வைத்தார்,
எண்ணத் தெரியாதவரைப் போல.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
மருந்து இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது.
நான் விருந்தா என்பதை
யாரும் சொல்லவில்லை.

இந்த வீட்டில் எனக்கு எல்லாம் தெரியும்,
அதுதான் சங்கடம்.
மூன்றாம் படி முனகும்.
குளியலறைக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும்.
நொயெமி இரண்டு வருஷமாக
அதைத் தோளால் இடித்துக்கொண்டிருக்கிறாள்.
சொல்லலாமா என்று ஒரு பகல் முழுதும் யோசித்தேன்.
சொல்லவில்லை.

இரண்டாம் இரவு மின்சாரம் போனது.
விறகடுப்பைச் சுற்றி மெத்தைகளை இழுத்துப் போட்டோம்.
நடுவில்தான் படுப்பேன் என்றாள் ரோமி,
பக்கத்துக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள்.
ஒன்று என்னுடையது.
மற்றது அவள் அப்பாவுடையது என்று நினைத்தேன்.
விறகு வெடித்த வெளிச்சத்தில்
நகத்தில் பச்சைப் பூச்சு.

அப்பா அந்தக் கோடியில் குறட்டை விட்டான்.
பதினோரு வருஷம் கேட்ட அதே குறட்டை,
அதே இடத்தில் அறுந்து,
இனி மூச்சு வருமா வராதா என்று
கூரையைப் பார்க்க வைக்கும் அதே மௌனம்.
இருட்டில் இன்னொருத்தியும்
மூச்சைப் பிடித்திருந்தாள்.
வந்தது.
இருவரும் ஒன்றாக விட்டோம்.
யார் முதலில் சிரித்தது தெரியாது,
போர்வையைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர.
"இடப்பக்கம் புரட்டிவிடு" என்றேன்.
புரட்டினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.
மறுநாள் காலையிலேயே
உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைப்பதா
சீவி வேகவைப்பதா என்பதில்
எங்களுக்குள் பேச்சு நின்றது.
லுதோவிக் மூன்று முறை பனி அள்ளப் போனான்,
கொட்டிக்கொண்டிருக்கும்போதே.
ஓவில் ஜன்னலுக்கு வெளியே அளவுகோலை நட்டு
நாட்காட்டியில் குறித்தார்:
தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.
அதன் கீழே பொடி எழுத்தில்:
ஐந்து பேர்.

இருபத்தேழாம் தேதி மத்தியானம்
பனிவாரி வண்டி மஞ்சள் விளக்கோடு வந்து
எங்கள் வாசலில் இன்னொரு சுவரைத் தள்ளிவிட்டுப் போனது.
இருந்தது மூன்று மண்வாரி; ரோமிக்குச் சூப்புக் கரண்டி.
ஒன்றரை மணிநேரம் தோண்டி
கதவைக் கண்டோம்.
சிவப்பு.
என்னுடையது நீலம்.

"சரி, இதையே எடுத்துக்கொண்டு போகிறேன்" என்றேன்,
"கணக்குக்குச் சரியாக இருக்கும்."
ஒரு நொடி
பனிகூட விழவில்லை.
லுதோவிக் தன் பூட்ஸை ஆராய்ந்தான்.
நொயெமி தன் மண்வாரியை என் கையில் திணித்தாள்:
"அந்த மேடு. தோண்டு."

மத்தானில் பெட்ரோல் போட நின்றபோதுதான் பார்த்தேன்,
பூட்ஸுக்குள் அவளுடைய சாம்பல் காலுறை.
கடல் திரும்பியிருந்தது,
கரையோரம் கஞ்சிபோல் பனிக்கட்டி.
கையுறையைப் பல்லால் கழற்றி
செய்தி அனுப்பினேன்:
குளியலறைக் கதவு. கொஞ்சம் தூக்கிச் சாத்து.

பணம் கட்டிவிட்டு வருவதற்குள் பதில்:
ரோமி எப்போதோ சொல்லிவிட்டாள்.
எனக்கு இடிப்பதுதான் பிடிக்கும்.
காலுறையைத் துவைத்துக் கொடு.