சுமை அட்டவணை

கேபின் கதவின் உட்புறம்
ஒட்டியிருக்கும் அட்டவணை சொல்கிறது:
கை நீள நீள
தூக்கும் பலம் குறையும்.
பதினைந்து மீட்டரில் எட்டு டன்,
அறுபதில் ஒன்றரை.
ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன்.
கிரேனுக்கு மட்டும் எழுதியது என்றே
நினைத்திருந்தேன்.

ஷார்ஜா அல் நஹ்தாவில்
எங்கள் கட்டடம் இங்கிருந்து தெரியும்.
ஆறாவது மாடி, இடமிருந்து நாலாவது ஜன்னல்.
ஏழு மணிக்கு ரெக்ஸலின்
சமையலறை விளக்கை
இரண்டு தரம் அணைத்துப் போடுவாள்.
ஜெரின் சாப்பிட்டாச்சு என்று அர்த்தம்.
மூன்று தரம் என்றால் காய்ச்சல்.
பதிலுக்கு நான் என்ன செய்ய முடியும்,
கொக்கியில் இரண்டு டன் கம்பி தொங்கும்போது?

வாக்கிடாக்கியில் ரோடெல்,
"ஸ்லோ, பாஸ், ஸ்லோ."
பகலெல்லாம் என்னோடு பேசும் ஒரே குரல்.
குடிக்க ஒரு பாட்டில்,
மற்றதற்கு ஒரு பாட்டில்.
மாறிவிடாமல் இருக்க
ஒன்றில் சிவப்பு டேப்.

காற்று முப்பத்தெட்டைத் தொட்டால்
அலாரம் அடிக்கும்.
இப்போதெல்லாம் அது படுக்கையிலும் அடிக்கிறது.
தூக்கத்தில் என் வலது கை
லீவரைத் தேடி
அவள் மணிக்கட்டைப் பிடிக்கும்.
"இறக்கியாச்சு, இறக்கியாச்சு" என்பாள்
கண் திறக்காமலே.

ஒரே வாரத்தில் இரண்டு தாள் வந்தது.
ஒன்று எழுபது மாடி. பெரிய கிரேன். இரவு ஷிப்ட்.
கூட இரண்டாயிரத்து இருநூறு திர்ஹம்.
மற்றது ஹம்ரியாவில் மீன் குளிர்கிடங்கு,
ஃபோர்க்லிஃப்ட்,
ஏழு முதல் நாலு, ஞாயிறு லீவு,
இப்போது வாங்குவதில் ஆயிரத்து எண்ணூறு குறைவு.

குறைந்தால் இந்த வீடு இல்லை.
வீடு இல்லையென்றால்
அவர்கள் நாகர்கோவிலில்,
நான் எட்டுப் பேர் அறையில்.
அவர்களைப் பக்கத்தில் வைத்திருக்கத்தான்
இந்தச் சம்பளம்.
இந்தச் சம்பளத்தால்தான்
பார்க்க முடியவில்லை.
மேனேஜரிடம் சொன்னேன், சிரித்தார்.
அவர் குடும்பம் அம்மானில்.

கேஸ் பில்லின் பின்பக்கத்தில்
ரெக்ஸலின் கூட்டினாள், கழித்தாள்.
பெட்ரூமை ஒரு குடும்பத்துக்கு விட்டால்
ஹாலில் நாம் மூன்று பேர்.
சீட்டை நிறுத்தணும்.
காருக்கு ஆள் பார்க்கணும்.
தங்கச்சி கல்யாணக் கடன்
இன்னும் பதினாலு மாதம்,
அந்த வரிக்கு எதிரே எண் எழுதாமல் விட்டாள்.
பிறகு பேனாவை மூடிக் கேட்டாள்:
"மேலயிருந்து பாத்தா
நாங்க எவ்வளவு பெருசுக்குத் தெரிவோம்?"

விரலை நீட்டிக் காட்டினேன்.
நக நுனியின் வெள்ளைப் பிறை.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
வெட்டவேண்டிய அளவுக்கு
வளர்ந்திருந்தது.

ஹம்ரியாவில் இது மூன்றாம் வாரம்.
மைனஸ் பதினெட்டில் சூரையும் மத்தியும்.
கையுறைக்குள் விரல் மரத்துப்போகிறது,
சட்டையில் வாடை போவதில்லை.
சின்ன வண்டி. நாலு மீட்டர் உயரம்,
அதற்குமேல் ஏறாது.
பழக்கத்தில் நிமிர்ந்து பார்க்கிறேன்,
தகரக் கூரை.
என்னைப் பார்த்து யாரும்
கழுத்தை அண்ணாந்து கையசைப்பதில்லை.
அது இவ்வளவு பிடித்திருந்தது என்று
இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

வாசலில் மலையாளக் குடும்பத்தின் செருப்புகள்.
குளியலறைக் கதவில் நேரம் குறித்த தாள்.
இருபத்தோராம் தேதியே
பர்ஸ் தட்டையாகிவிடுகிறது.

முதல் நாள் நாலே முக்காலுக்குக்
கதவைத் திறந்தேன்.
கலர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்த ஜெரின்
"கிரேன் விழுந்துட்டாப்பா?" என்றான்.
இல்லை என்றேன்.
நம்பாமல் ஜன்னலுக்குப் போனான்.
நானும் பக்கத்தில் போய் நின்றேன்.
தூரத்தில் அது
நிதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.
கம்பிக்கட்டுதான், சந்தேகமில்லை.
கொஞ்சம் வேகமாகத் திருப்புகிறான்.

ஏழு மணிக்கு ரெக்ஸலின்
விளக்கை இரண்டு தரம்
அணைத்துப் போட்டாள்.
மேலே இப்போது யார் என்று
எங்களுக்குத் தெரியாது.