பதினோரு ஆடுகள்

நோட்டின் முதல் பக்கத்தில்
என் கையெழுத்து இன்னும் அடக்கமாக இருக்கிறது:
விருந்தினர் நூற்று அறுபது,
ஆடு பதினொன்று,
வெள்ளை நாற்காலி, விலை கேட்க வேண்டும்.
காற்று என்று எங்கேயும் எழுதவில்லை.

புந்தா அரீனாஸில் பிறந்தவள்
காற்றை மறந்து தேதி குறித்தாள் என்றால்
யாரும் நம்ப மாட்டார்கள்.
நவம்பரில் இங்கே தெருமுனைகளில்
கயிறு கட்டி வைப்பார்கள், பிடித்து நடக்க.
கயிறெல்லாம் மற்றவர்களுக்கு
என்று நினைத்திருந்தேன்.

எட்டு மாதம் திட்டம்.
எலெயாசருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்:
“உனக்குப் பிடித்தது போல.”
அந்த வார்த்தைக்காகவே
இரண்டு முறை கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறேன்.
ஒரு முறை துணிக்கடையில்.
மறுமுறை தொலைபேசியில்,
அவன் படகின் எஞ்சின் அறையிலிருந்து
“என்ன? கேட்கவில்லை, என்ன?” என்று கத்தியபோது.
கேட்காததால் நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு
வானொலி சொன்னது: துறைமுகம் மூடப்பட்டது.
நீரிணைக்கு அந்தப் பக்கம், போர்வெனீரில்,
அவன் ஆட்கள் தொண்ணூற்றொன்பது பேர்
இஸ்திரி போட்ட சட்டையோடு கார்களுக்குள்.
கேக்கும் அங்கேதான் இருந்தது.
அவன் அம்மா சுனில்தாவும்.

தீயணைப்புக்காரர்களின் மண்டபத்தில்
பதிவு அதிகாரி சட்டப்புத்தகம் விரித்து
கடமைகளை வாசித்தார்.
ஒருவரையொருவர் மதிக்க வேண்டும்,
ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும்.
கூரை என்ற நேரம் பார்த்து
யார் வீட்டுத் தகரமோ தெருவில் உருண்டு போனது.
அதிகாரியே சிரித்துவிட்டார்.
என் தங்கை ட்ரினா
கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள்;
அதற்குள்ளிருந்து வந்தது
சுனில்தாவின் அழுகையா, காற்றா?
காற்று என்கிறார் அவர், இன்றுவரை.

கேக்கை அவர்கள் துறையிலேயே வெட்டிவிட்டார்கள்,
பிளாஸ்டிக் கரண்டியால்.
நன்றாக இருந்ததாம்.

அறுபத்தொரு பேர்
ஐந்து ஆடு தின்றார்கள், அதுவே பெரிய காரியம்.
ஆறு மிஞ்சியது.
எங்கள் முதலிரவு
ஆட்டை வெட்டிப் பொட்டலம் கட்டியதில் கழிந்தது.
என் நகப்பூச்சின் மேல் கொழுப்பு,
அவன் டை முதுகுப் பக்கம் தொங்கியது.
எலும்பு எங்கே பொருந்துகிறதென்று
விரலால் தடவிப் பார்த்து,
அந்த இடத்தில் மட்டும் கத்தி வைத்தான்.
எட்டு மாதமாய் இவனை
எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் நான்?

டிசம்பரில் வறுவல். ஜனவரியில் குழம்பு.
பிப்ரவரியிலும் குழம்புதான்.
பக்கத்து வீடுகள்
எங்களைக் கண்டால் கதவை மெதுவாகச் சாத்தின.
மொய்ப்பணத்தில் வாங்கிய உறைபெட்டி
இரவெல்லாம் முனகியது.
காலை ஆறுக்கு அவன் வானொலி.
துறைமுகம் மூடப்பட்டால்
அவன் அந்தக் கரையில், தாய்வீட்டில் தங்குவான்.
சொல்லக் கூடாது,
முதல் சில மாதம் அந்தச் செய்தி எனக்குப் பிடித்திருந்தது.
கட்டில் முழுக்க எனக்கு,
இரவுச் சாப்பாடு ரொட்டியும் ஜாமும்.
மூன்றாம் நாள்தான் குறுக்கே படுத்திருப்பதில்
ஏதோ வசதிக்குறைவு தெரியும்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி
தட்டைத் தள்ளி வைத்தான்.
“இனி ஆட்டுக்கறி வேண்டாம்.”
திகைத்துப்போனேன்.
வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனா இவன்!
சந்தோஷத்தில் சண்டை போட்டேன்,
நாப்கின் நிறம் வரைக்கும் போனேன்.
வெளிர்பச்சை அவனுக்குப் பிடிக்கவே இல்லையாம்.
சொல்லியிருக்கலாமே?
“அப்போது எஞ்சின் சத்தம்” என்றான்.

ஜூலையில் கடைசிப் பொட்டலம்.
மேலே என் எழுத்து, ஈரத்தில் கலங்கி:
தொடை, கல்யாணம்.
வெளியே பனி, அதிசயமாகக் காற்றில்லை.
யாரையும் அழைக்கவில்லை.
கையாலேயே தின்றோம், எலும்பு வரைக்கும்.

பிறகு உறைபெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிக்
கதவைத் திறந்து வைத்தோம்.
வீடு திடீரென்று அமைதியானது.
பனிக்கட்டி சொட்டச் சொட்ட
தரையில் பழைய துண்டைப் போட்டுவிட்டு
அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தோம்.

“இதில் இனி என்ன வைக்கலாம்?” என்றேன்.
அந்தப் பழைய பதில் வரட்டும் என்று
பல்லைக் கடித்துக் காத்திருந்தேன்.
நிறைய நேரம் யோசித்தான்.

“மீன்” என்றான்.